ரோட்டுல கோபக்கார டிரைவர் வந்தா என்ன பண்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி ஓட்டக் கத்துக் குடுக்குற வேலையில இருக்கேன். லைசென்ஸ் வாங்கிட்டுப் போனவங்க அப்புறம் போன் பண்ணிக் கேட்குறது கியர் பத்தியோ பார்க்கிங் பத்தியோ இல்ல, பெரும்பாலும் மத்த டிரைவருங்கள பத்திதான். ஒரே சந்தேகத்த ஆளாளுக்கு வேற வேற விதமா கேட்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், "அவன் இவன்"னு வந்தா கண்டுக்காதீங்க, கோபத்துல கேட்டது.

1. ஒருத்தர் சும்மா அவசரத்துல போறாரா இல்ல நம்ம மேல கோபமா வர்றாரான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?

அவசரக்காரர் உங்கள தாண்டிட்டா அத்தோட சரி, அடுத்த வண்டிய முந்தப் போயிடுவார். கோபக்காரர் தாண்டினதுக்கு அப்புறமும் விடமாட்டார். முன்னாடி வந்து வேணும்னே வேகத்த குறைப்பார், பக்கத்துலயே வந்து கண்ணாடிய இறக்கிட்டு ஏதோ சொல்லுவார், நீங்க லேன் மாறினா அவரும் மாறுவார்.

அதனால முதல்ல வழிய விட்டுப் பாருங்க. போயிட்டா அவசரம். போகாம உங்க கூடவே வந்தா நேரா 12-வது கேள்விக்குப் போயிடுங்க, நடுவுல இருக்குறத அப்புறம் படிச்சுக்கலாம்.

2. புதுசா ஓட்டுறேன், சிக்னல்ல வண்டி ஆஃப் ஆயிடுது, பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க, கை காலே ஓட மாட்டேங்குது

ஹாரன் சத்தம் கேட்டதும் புதுசா ஓட்டுறவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் பண்றாங்க, கிளட்ச்ச முழுசா மிதிக்காம சாவிய திருப்புவாங்க, வண்டி ஒரு குதி குதிச்சு திரும்ப ஆஃப் ஆகும், சத்தம் இன்னும் ஏறும். அதனால வரிசைய மாத்தாதீங்க. முதல்ல பிரேக்க நல்லா மிதிச்சுக்கோங்க, அடுத்து ஹசார்டு லைட்ட போடுங்க, கிளட்ச்ச அடி வரைக்கும் மிதிச்சு நியூட்ரலுக்கு வாங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஃபர்ஸ்ட் போட்டுக் கிளம்புங்க. பதட்டப்படாம பண்ணா பத்து செகண்ட் கூட ஆகாது.

அந்தப் பத்து செகண்டுக்கு ஹாரன் அடிக்கிறவங்க அடிச்சுக்கட்டும். சத்தத்தால உங்க வண்டிக்கு ஒரு கீறல் கூட விழப்போறதில்ல. மிரர பார்த்து அவங்க மூஞ்சிய தேடாதீங்க, அதுதான் கைய நடுங்க வைக்கும்.

3. நான் கரெக்டான ஸ்பீடுலதான் போறேன், பின்னாடி ஒட்டிக்கிட்டு லைட் அடிச்சுக்கிட்டே வர்றான், நான் ஏன் வழி விடணும்?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமா வருது. கேட்குறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா அந்த நியாயத்த வச்சு அந்த இடத்துல ஒண்ணும் பண்ண முடியாது. பின்னாடி வர்றவருக்கு பிரேக் புடிக்க இடமே இல்லன்னா, உங்களுக்கு முன்னாடி ஒரு நாய் குறுக்க வந்தா உங்க முதுகுல மோதப்போறது அவர்தான். அப்போ அவர உங்க பின்னாடியிலருந்து அனுப்புறதுதான் உங்களுக்கு லாபம். இது அவருக்குப் பண்ற மரியாதை இல்ல, உங்க முதுக காப்பாத்திக்கிறது.

எப்படி விடணும்னா, இண்டிகேட்டர் போட்டு, இடம் பார்த்து, உங்க வேகத்துலயே நிதானமா லேன் மாறுங்க. அவர் துரத்துறார்னு வேகத்த ஏத்தாதீங்க, ஏத்தினா அவரும் அதே வேகத்துல ஒட்டிக்கிட்டுதான் வருவார், இப்போ ரெண்டு பேரும் வேகமா ஒட்டிக்கிட்டு போறீங்க. மாற இடமே இல்லாத ஒத்த லேன் ரோடா இருந்தா உங்க முன்னாடி இருக்குற கேப்ப இன்னும் பெருசாக்குங்க. திடீர்னு பிரேக் புடிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கே வராது, அதனால அவருக்கும் வராது.

ராத்திரில ஹை பீம் கண்ணுல அடிச்சா உள்ள இருக்குற மிரருக்கு அடியில ஒரு சின்ன நாக்கு மாதிரி லீவர் இருக்கும், நிறைய பேருக்கு அது எதுக்குன்னே தெரியாது. அத ஒரு தட்டு தட்டினா மிரர் சாய்ஞ்சு வெளிச்சம் மங்கிடும், வண்டி வர்றது மட்டும் தெரியும். சில வண்டில தானாவே மங்கும். பாதி எரிச்சல் அதுலயே போயிடும்.

இன்னொண்ணு, வேகமா போற லேன்ல நீங்க யாரையும் ஓவர்டேக் பண்ணாம சும்மா போய்க்கிட்டிருந்தா, லைட் அடிக்கிற முறை தப்பா இருந்தாலும் அவர் கேட்குறது நியாயம்தான். அந்த லேன் முந்துறதுக்கு, முந்தி முடிச்சதும் விட்டுடணும்.

4. லேசா பிரேக்க தொட்டு பயம் காட்டினா தள்ளி வருவான்ல?

வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டர்ல ஒரு வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுது. உங்க பிரேக் லைட்ட பார்த்து அவர் கால் பிரேக்குக்குப் போறதுக்கு சாதாரணமா ஒரு செகண்டுக்கு மேலயே ஆகும். அவர் உங்களுக்கு 5 மீட்டர் பின்னாடி இருந்தா கணக்கு என்ன ஆகும்னு நீங்களே பார்த்துக்கோங்க. ஒருவேளை மோதலைன்னாலும், வெறும் அவசரத்துல இருந்தவர கோபக்காரரா மாத்தினது நீங்கதான். மோதிட்டா, வேணும்னே பிரேக் புடிச்சீங்கன்னு கேமரால தெரிஞ்சா, தப்பு உங்க பக்கமும் வந்துடும்.

5. எவ்ளோ கேப் விட்டா போதும்? விட்டா கண்டவன்லாம் உள்ள பூந்துடுறானே

முன்னாடி வண்டி ஒரு கம்பத்த தாண்டினதுலருந்து நீங்க அதே கம்பத்த தாண்ட ரெண்டு செகண்டாவது ஆகணும், மழைன்னா நாலு. 60-ல போகும்போது ரெண்டு செகண்டுங்கிறது சுமார் 33 மீட்டர், 80-ல சுமார் 44. மீட்டர் கணக்கு ஓட்டும்போது யாருக்கும் வராது, செகண்ட எண்ணுங்க போதும்.

உள்ள பூந்துடுறாங்கதான், இல்லன்னு சொல்லல. ஒரு வண்டி உங்க முன்னாடி வந்தா, திரும்ப அந்தக் கேப்ப உண்டாக்க ரெண்டு செகண்ட் பின் தங்குறீங்க. இருபது வண்டி பூந்தாலும் நாப்பது செகண்ட். ஆனா மனசுக்கு எல்லாரும் நம்மள முந்திட்டுப் போற மாதிரிதான் இருக்கும், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1999-ல ரெடல்மையர், திப்ஷிரானின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் பத்திரிகையில இத கணக்குப் போட்டுக் காட்டினாங்க. ரெண்டு லேனும் சராசரியா ஒரே வேகத்துல போனாலும் பக்கத்து லேன்தான் வேகமா போற மாதிரி தோணும். ஏன்னா நீங்க முந்தும்போது பக்கத்து வண்டிங்க நெருக்கமா நிக்கும், சட்டுனு பல வண்டிய தாண்டிடுவீங்க. அவங்க உங்கள முந்தும்போது ஒவ்வொண்ணா, இடைவெளி விட்டு, ரொம்ப நேரம் முந்திக்கிட்டே இருப்பாங்க. தாண்டின வண்டி பின்னாடி மறைஞ்சிடும், உங்கள தாண்டின வண்டி மட்டும் கண்ணு முன்னாடியே நிக்கும்.

6. எவனாவது குறுக்க கட் அடிச்சுட்டுப் போனா எனக்கு ரத்தம் கொதிக்குது. வேற எந்த இடத்துலயும் நான் இப்படி இல்ல. ரோட்டுல மட்டும் ஏன்?

வெளியில வரிசையில நிக்கும்போது ஒருத்தர் குறுக்க வந்தா அவர் முகம் தெரியும், "சாரிங்க அவசரம்"னு ஒரு வார்த்தை சொல்லுவார், முடிஞ்சது. ரோட்டுல முகமும் இல்ல, வார்த்தையும் இல்ல, தகரம் மட்டும்தான் தெரியுது. அப்போ மிச்ச கதைய நம்ம மண்டையே எழுதிக்குது, அதுல அவன் எப்பவும் வில்லன்தான். நாம கட் பண்ணா "எக்ஸிட் தெரியாம போச்சு", அவங்க பண்ணா "திமிரு". உளவியல்ல லீ ராஸ் 1977-லயே இதுக்கு ஒரு பேர் வச்சு எழுதிட்டார், ரோட்டுல இது நல்லாவே தெரியும்.

யார் மேல கோபப்படலாம்னும் மனசு கணக்குப் போடுது. 1968-ல டூப், கிராஸ்னு ரெண்டு பேர் கலிஃபோர்னியால ஒரு சோதனை பண்ணாங்க, பச்சை விழுந்ததுக்கு அப்புறமும் வண்டிய நகர்த்தாம நிறுத்தி வச்சாங்க, ஒரு தடவை விலை ஒசந்த புது கார், ஒரு தடவை பழைய கார். பழைய காரப் பார்த்துதான் அதிகம் பேர் ஹாரன் அடிச்சாங்க, சீக்கிரமாவும் அடிச்சாங்க. 1986-ல அரிசோனால இதே மாதிரி இன்னொரு சோதனை, வெயில் ஏற ஏற ஹாரனும் ஏறுச்சு, ஏசி இல்லாம கண்ணாடிய இறக்கி வச்சிருந்தவங்ககிட்ட இன்னும் அதிகமா. அதாவது உங்க கோபத்துல பாதி அந்த கட் அடிச்ச ஆளால வந்ததே இல்ல. பசி, தூக்கமின்மை, ஆபீஸ்ல வாங்கின திட்டு, லேட்டா கிளம்பினது எல்லாம் சேர்ந்துதான் வருது.

7. ஹாரன் அடிக்கலாமா, கூடாதா?

"நான் இங்க இருக்கேன்"னு சொல்ல அடிக்கலாம், உங்கள பார்க்காம ஒருத்தர் ரிவர்ஸ் வந்தா கண்டிப்பா அடிக்கணும். ஆபத்து முடிஞ்சதுக்கு அப்புறம் அடிக்கிற ஹாரன் தேவையில்லாதது, அது திட்டுறதுதான். சின்னதா ஒரு தடவை அடிச்சா தகவல், அழுத்திப் புடிச்சா சண்டை.

8. தப்பு என் மேலதான், கவனிக்காம கட் பண்ணிட்டேன். எப்படி சாரி சொல்றது?

உள்ளங்கை தெரியுற மாதிரி கைய மெதுவா தூக்கிக் காட்டுங்க, போதும். விரல் எதையும் நீட்டாதீங்க, ஊர் ஊருக்கு அர்த்தம் மாறுது. கண்ணாடிய இறக்கி விளக்கம் குடுக்க வேண்டாம், பக்கத்துல வண்டி ஓட்டிக்கிட்டே பேசவே பேசாதீங்க, நீங்க சொல்ற சாரி அந்தக் காத்துல கத்துற மாதிரிதான் கேட்கும். 6-வதுல சொன்ன மாதிரி முகம் தெரியாததுதான் பிரச்சனையே, ஒரு கை தெரிஞ்சாலே பல பேர் அடங்கிடுவாங்க. அடங்கலைன்னா கொஞ்சம் பின் தங்கி அவர போக விடுங்க.

9. வண்டிக்குள்ளயே நாலு கெட்ட வார்த்தை திட்டிட்டா மனசு லேசாகிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

அந்த நிமிஷம் லேசான மாதிரிதான் இருக்கும். 2002-ல பிராட் புஷ்மேன்னு ஒரு உளவியலாளர் இத சோதிச்சுப் பார்த்தார், கோபப்படுத்தினவங்கள பத்தி நினைச்சுக்கிட்டே குத்துச்சண்டை பயிற்சி மூட்டைய குத்தச் சொன்னா கோபம் குறையல, கூடுச்சு. ஒண்ணுமே பண்ணாம சும்மா உட்கார்ந்திருந்தவங்கதான் அவங்கள விட அமைதியா இருந்தாங்க. திட்டத் திட்ட அந்த ஆள் உங்க மண்டைக்குள்ளயே சவாரி பண்றார்னு அர்த்தம்.

பின் சீட்ல குழந்தைங்க இருந்தா அந்த வார்த்தைங்க எங்க போய் எப்போ வெளிய வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

10. லேட்டா கிளம்பினா கொஞ்சம் அழுத்தித்தானே ஆகணும்?

இருபது கிலோமீட்டர் தூரத்த 60-லயே விடாம போனா 20 நிமிஷம், 80-ல போனா 15. அதுவும் சிக்னலே இல்லாம, யாரும் குறுக்க வராம இருந்தா. நடுவுல நாலு சிக்னல் இருந்தா அந்த அஞ்சு நிமிஷமும் முக்கால்வாசி சிவப்புல கரைஞ்சிடும், உங்கள விட்டுட்டுப் பறந்தவர் அடுத்த சிக்னல்ல உங்க பக்கத்துலயே நிக்கிறத எத்தனை தடவை பார்த்திருப்பீங்க. இன்னொரு பக்கம், வேகம் 40-லருந்து 80 ஆனா பிரேக் புடிச்சு நிக்கிற தூரம் ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. லேட் ஆகுதுன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு மெசேஜ் போட்டுடுங்க, "பத்து நிமிஷம் லேட்"னு சொல்லிட்டவர் வேற மாதிரி ஓட்டுவார்.

11. என் வீட்டுக்காரர்தான் இப்படி ஓட்டுறார். பக்கத்துல உட்கார்ந்து நான் என்ன சொன்னாலும் இன்னும் எகிறுறார்

ஓட்டிக்கிட்டிருக்கும்போது "ஏன் இப்படி ஓட்டுறீங்க"ன்னு கேட்டா அது இன்னொரு ஹாரன்தான் அவருக்கு. அவர் ஓட்டுறத விட்டுட்டு உங்க உடம்ப பத்திப் பேசுங்க, "எனக்கு தலை சுத்துது, கொஞ்சம் மெதுவா போங்க, முடிஞ்சா ஓரமா நிறுத்துங்க". இதுல அவர் தோத்த மாதிரி இல்ல, அதனால கேட்பார். எதிர்ல இருக்குறவரப் பத்தி அவர் கூட சேர்ந்து நீங்களும் திட்டாதீங்க, நிறைய பேர் சமாதானம்னு நினைச்சு அதப் பண்றாங்க.

நிஜமான பேச்சு வீட்ல, வண்டி நின்னதுக்கு அப்புறம், அன்னிக்கே கூட வேண்டாம் மறுநாள். ஒண்ணே ஒண்ணு கேளுங்க, இனிமே யாராவது கட் பண்ணா துரத்த மாட்டேன்னு மட்டும். மொத்தமா மாறச் சொன்னா எதுவும் மாறாது. அதுக்கும் ஒத்துக்கலைன்னா அவர் ஓட்டுற வண்டியில குழந்தைங்கள ஏத்தாதீங்க. இத சொன்னா குடும்பத்துல சண்டை வரும்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

12. பின்னாடியே ஃபாலோ பண்ணிட்டு வர்றாங்க. வீட்டுக்குப் போயிடவா?

வீட்டுக்கு மட்டும் போகாதீங்க. உங்க வாசல காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். உண்மையிலேயே ஃபாலோ பண்றாங்களான்னு சந்தேகமா இருந்தா, ஆள் நடமாட்டம் இருக்குற ரோடா பார்த்து ஒரே பக்கமா நாலு தடவை திரும்புங்க, கிளம்பின இடத்துக்கே வந்துடுவீங்க. வேற வேலையா போறவர் யாரும் அப்படி சுத்த மாட்டார்.

கூடவே வந்தா போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் மாதிரி வெளிச்சமும் ஆளும் கேமராவும் இருக்குற இடத்துக்குப் போங்க. போன ஸ்பீக்கர்ல போட்டுக் கூப்பிடுங்க, பக்கத்துல யாராவது இருந்தா அவங்கள பேசச் சொல்லுங்க. ஐரோப்பிய யூனியன் நாடுகள்லயும் இந்தியாலயும் 112, அமெரிக்கா கனடால 911, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியால 999, இலங்கைல போலீசுக்கு 119, ஆஸ்திரேலியால 000. எந்த ரோடு, எந்தப் பக்கமா போறீங்க, அந்த வண்டி கலர், நம்பர், இவ்ளோ சொன்னா போதும். போய் சேர்ந்ததும் இறங்காதீங்க, லாக்க போட்டுட்டு உள்ளயே இருந்து ஹாரன் அடிங்க. இந்த ஒரு இடத்துல மட்டும் ஹாரன அழுத்திப் புடிக்கலாம்.

13. சிக்னல்ல நிக்கும்போது இறங்கி வந்து கண்ணாடிய தட்டுறான். அப்போ?

இதுக்கான பதில் அவர் இறங்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. எங்க நின்னாலும் முன்னாடி வண்டியோட பின் டயர் ரோட்ட தொடுற இடம் உங்க சீட்லருந்து தெரியுற அளவுக்கு தள்ளி நில்லுங்க. அது தெரிஞ்சா ரிவர்ஸ் எடுக்காமலே ஸ்டியரிங்க ஒடிச்சு வெளிய வந்துடலாம். ஒட்டி நின்னா மாட்டிக்கிட்டீங்க.

தட்டும்போது கண்ணாடி மேல இருக்கணும், லாக் போட்டிருக்கணும், வண்டி ஸ்டார்ட்லயே இருக்கணும். அவர் கண்ணையே பார்க்காதீங்க, நேரா ரோட்ட பாருங்க, போன எடுத்து காதுல வைங்க. வீடியோ எடுக்குறேன்னு போன அவர் முகத்துக்கு நேரா நீட்டினா அடி கண்ணாடில விழ வாய்ப்பு அதிகம். பேசியே ஆகணும்னா ரெண்டு விரல் அளவு மட்டும் இறக்கி, "தப்பு என் மேலதாங்க, மன்னிச்சிருங்க". தப்பு உங்க மேல இல்லன்னாலும் சொல்லலாம், அங்க நிக்கிறது நீதிபதி இல்ல. வழி கிடைச்சதும் மெதுவா நகருங்க. அவர் வண்டிக்கு முன்னாடி நின்னா ஏத்திடுற மாதிரி நகர்த்தாதீங்க, அது உங்கள குற்றவாளி ஆக்கிடும்.

14. பைக்ல போறவங்களுக்கு கண்ணாடி ஏது, லாக் ஏது?

அதனாலதான் பைக்ல சொல்லவே கூடாத ஒரு பதில், போற போக்குல கார் மிரர தட்டுறது. காருக்கு அது ஒரு மிரர், உங்களுக்கு அடுத்த நிமிஷம் என்ன ஆகும்னு சொல்ல முடியாது. காரோட சண்டைனு வந்தா ஓரமா ஒதுங்கி நிறுத்திடுங்க, அவர் போகட்டும். நிறுத்தும்போது ஒதுக்குப்புறமா இல்லாம நாலு பேர் இருக்குற இடமா இருக்கணும், ஹெல்மெட்ட கழட்டாதீங்க. உங்களுக்கு இருக்குற ஒரே வசதி, கார் நுழைய முடியாத சந்துல நீங்க நுழையலாம், சட்டுனு திரும்பலாம். அத தப்பிக்க மட்டும் பயன்படுத்துங்க, முந்திப் போய் மறிக்க இல்ல.

15. லாரிக்காரங்க, பஸ்காரங்க வேணும்னே நசுக்குறாங்களே?

சிலர் பண்றாங்க. ஆனா நிறைய நேரம் அவங்களுக்கு நீங்க இருக்குறதே தெரியாது. பெரிய வண்டிக்கு முன்னாடி ஒட்டி, பின்னாடி ஒட்டி, ரெண்டு பக்கவாட்டுலயும் கண்ணுக்குத் தெரியாத இடம் பெருசு. லாரியோட சைடு மிரர்ல டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா உங்களயும் அவருக்குத் தெரியாது. லோடு ஏத்தின லாரிய நிறுத்தி திரும்ப கிளப்புறது எவ்ளோ வேலைன்னு ஓட்டினவங்கள கேளுங்க, நீங்க அவர் முன்னாடி பூந்து பிரேக் புடிச்சா அவர் விட்டு வச்சிருந்த கேப்ப நீங்க தின்னுட்டீங்க. அவர் அடிக்கிற ஹாரன் கோபத்துல இல்ல, பயத்துல.

16. லேசா இடிச்சிடுச்சு, அவர் இறங்கி கத்துறார், நானும் இறங்கணுமா?

இடிச்சா நிக்கணும், நிக்காம போறது எல்லா நாட்டுலயும் பெரிய தப்பு. ஆனா நிக்கிறது வேற, உடனே கதவ திறக்குறது வேற. ஹசார்டு போட்டு அவர ஒரு நிமிஷம் பாருங்க. கைல எதுவும் இல்லாம வண்டிய சுத்திப் பார்த்துக் கத்துறார்னா அது அடங்கும், இறங்கலாம், முதல் வார்த்தை "உங்களுக்கு அடி படலையே?"ன்னு இருக்கட்டும். உங்கள நோக்கி வர்றார், கைல ஏதோ இருக்குன்னா 13-வதுல சொன்னதுதான், உள்ளயே இருந்து போலீஸ கூப்பிடுங்க.

யார் தப்புன்னு அங்க பேசாதீங்க. நம்பர் பிளேட் தெரியுற மாதிரி ரெண்டு வண்டியையும், டயர் நிக்கிற இடத்தையும் போட்டோ எடுங்க, இன்சூரன்ஸ் விவரம் மாத்திக்கோங்க. காசு குடு இப்பவே முடிச்சுக்கலாம்னு மிரட்டினா "போலீஸ் வரட்டும்"னு ஒரே பதில திரும்பத் திரும்ப சொல்லுங்க.

17. டேஷ்கேம்ல எல்லாம் பதிவாயிருக்கு. நெட்ல போட்டு மானத்த வாங்கிடலாமா?

போலீசுக்கும் இன்சூரன்ஸுக்கும் குடுங்க. நெட்ல போட்டா நாலு மணி நேரம் ஜாலியா இருக்கும், அப்புறம் உங்க நம்பர் பிளேட்டும் உங்க ரோடும் அதுல இருக்குறத யாராவது கண்டுபிடிப்பாங்க. நம்பர் பிளேட், முகம் போடுறதுக்கு சில நாட்டுல சட்டச் சிக்கலும் உண்டு. குடுக்கும்போது சம்பவத்துக்கு முன்னாடி ரெண்டு நிமிஷத்தையும் சேர்த்தே குடுங்க, வெட்டிக் குடுத்தா நம்ப மாட்டாங்க. முழுசா குடுக்க மனசு வரலைன்னா, அந்த ரெண்டு நிமிஷத்துல நீங்க என்ன பண்ணீங்கன்னு ஒரு தடவை போட்டுப் பாருங்க. டேஷ்கேம் பழைய பதிவ தானா அழிச்சிடும், அதனால நிறுத்தின உடனே அந்த ஃபைல லாக் பண்ணுங்க.

18. வேற ரெண்டு பேர் ரோட்டுல சண்டை போட்டுக்கிட்டு தாறுமாறா போறாங்க. நான் என்ன பண்ணனும்?

பின் தங்குங்க, நல்லா பின் தங்குங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஓவர்டேக் பண்ணிப் போயிடலாம்னு நினைக்கவே வேண்டாம், அவங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டிருக்காங்க, உங்கள இல்ல. வேடிக்கை பார்க்கவும் பின்னாடி போகாதீங்க. வண்டி நம்பர சத்தமா வாயால சொல்லிக்கோங்க, டேஷ்கேம் இருந்தா ஆடியோல விழும், இல்லன்னாலும் மனசுல நிக்கும். அடுத்து பத்திரமா நிறுத்த முடியுற இடத்துல நிறுத்தி 12-வதுல சொன்ன நம்பருக்குக் கூப்பிடுங்க, நேரமும் இடமும் சொல்லிட்டு கிளம்பிடுங்க. அவங்க இறங்கி அடிச்சுக்கிட்டாலும் தனியாளா நடுவுல போய் விலக்காதீங்க. யாராவது கீழ விழுந்து கிடந்தா ஆம்புலன்சும் வேணும்னு அதே போன்ல சொல்லுங்க.